குறைந்த செலவில் ஆயிரம் கெஜம்: அமெரிக்காவில் நெடுந்தூரச் சுடுதலுக்கு ஒரு துப்பாக்கி சேர்ப்பது எப்படி?

விசையை அழுத்திய பிறகு குண்டு ஆயிரம் கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். இரும்புத் தகட்டில் பட்ட ஓசை திரும்பி வர இன்னும் இரண்டே முக்கால் விநாடி. இந்த நாலு விநாடிக் காத்திருப்புக்காகத்தான் டெக்சஸில் பல சனிக்கிழமைகளில் விடியும் முன்பே எழுந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டுகிறேன். உடன் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். இணையத்தில் தேடியவர்கள் ஐயாயிரம் டாலர், எட்டாயிரம் டாலர் என்ற பட்டியல்களைப் பார்த்து மிரண்டுபோய் வருகிறார்கள். அவ்வளவெல்லாம் வேண்டாம். 1,700 அல்லது 1,800 டாலரில் தொடங்கிவிடலாம். எதில் காசைப் போடுவது, எதில் போடாமல் இருப்பது என்று தெரிந்தால் போதும். நான் அதைத் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டவன்.

முதலில் விசா, அப்புறம் துப்பாக்கி

நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் (சுடும் களத்தில்) நண்பனின் துப்பாக்கியைக் கையில் எடுத்து நாலு சூடு சுட்டுப் பார்ப்பதும் "வைத்திருத்தல்" என்ற கணக்கில் வந்துவிடும். மாநிலம் வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதன் மேல் நாடு கடத்தலும் வரலாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும், சில சமயம் இழுக்கும். படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். இதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான அடையாள அட்டை எடுக்க வேண்டும், நியூ ஜெர்சியிலும் அப்படித்தான், கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்சஸில் இவை எதுவும் இல்லை. உங்கள் மாநிலத்தின் விதி என்ன என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எங்கே சுடப் போகிறீர்கள்?

துப்பாக்கியை வாங்கிவிட்டு இடம் தேடுகிறவர்கள் உண்டு. மாட்டை வாங்கிவிட்டுத் தொழுவம் தேடுவது போல. நகரத்து உள்ளரங்க ரேஞ்சுகள் பெரும்பாலும் 25 கெஜத்தோடு முடிந்துவிடும். வெளியரங்கு என்றால் 100, நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் 200 கெஜம். 600, 1,000 கெஜம் உள்ள இடங்கள் ஊருக்கு வெகு வெளியே இருக்கும். அலபாமாவில் தல்லடேகா என்ற ஊரில் பொதுமக்கள் சுடக்கூடிய 600 கெஜ ரேஞ்ச் உண்டு; குண்டு எங்கே பட்டது என்பது பக்கத்துத் திரையிலேயே தெரியும். அது போன்ற ஒன்று இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் கீழே .22 என்ற சிறிய தோட்டாவைப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை.

எந்தத் தோட்டா?

புதியவருக்கு என் பதில் 6.5 கிரீட்மூர். உதை குறைவு என்பதால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) இலக்கு கண்ணை விட்டுப் போகாது. குண்டு எங்கே பட்டது என்று நீங்களே பார்க்கலாம். தனியாகப் பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. 140 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு ஆயிரம் கெஜத்தைத் தாண்டியும் ஒலியின் வேகத்துக்கு மேலேயே பறக்கும். .308 வின்செஸ்டர் பழைய, நம்பகமான தோட்டா. அதில் குழல் ஐயாயிரம் சூடு தாண்டியும் உழைக்கும், 6.5-இல் இரண்டாயிரம், மூவாயிரத்தில் தேய ஆரம்பித்துவிடும். ஆனால் .308-இன் உதையும் அதிகம், காற்று அதை அடித்துத் தள்ளுவதும் அதிகம். 600 கெஜத்துக்கு மேல் போக வழியே இல்லை என்பவர்கள் .223-ஐப் பார்க்கலாம், தோட்டா மலிவு. குழலின் உட்புறச் சுழல் வரிகளின் முறுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது அதைவிட இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் முறுக்கு தளர்வாக இருக்கும், 77 கிரெய்ன் போன்ற நீளமான குண்டுகள் அவற்றில் நிலைகொள்ளாது.

கிரீட்மூர் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஒரு ரேஞ்ச் இருந்தது. 1874-இல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜங்களில் மோதின. 934-க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் அருமையாகச் சுட்டிருந்தார், ஆனால் பக்கத்து ஆளின் இலக்கில். அதற்குச் சுழியம். இன்றைக்கும் ரேஞ்சில் வாரம் ஒருவராவது அதையே செய்கிறோம்.

காசு போடும் முன் ஒரு கணக்கு

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சுடுகிறவர்கள் பேசும் அளவு எம்.ஓ.ஏ. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், ஆயிரம் கெஜத்தில் பத்தரை அங்குலம். "ஒரு எம்.ஓ.ஏ. துப்பாக்கி" என்றால், சுடுகிறவர் தப்பே செய்யாவிட்டாலும் ஆயிரம் கெஜத்தில் குண்டுகள் பத்தரை அங்குல வட்டத்துக்குள் சிதறும், நடுவிலிருந்து ஐந்து அங்குலம் இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். கூட ஆயிரத்து ஐந்நூறு டாலர் கொடுத்து அரை எம்.ஓ.ஏ. துப்பாக்கி வாங்கினால் அந்த ஐந்து இரண்டரை ஆகும்.

இப்போது காற்றைப் பாருங்கள். மணிக்கு பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று 6.5 கிரீட்மூரின் 140 கிரெய்ன் குண்டை ஆயிரம் கெஜத்தில் ஏறத்தாழ எழுபது அங்குலம் தள்ளும். அதாவது காற்றின் வேகத்தை ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் ஏழு அங்குலம் போய்விடும். புதியவர் மூன்று, நான்கு மைல் தப்பாகக் கணிப்பார். எட்டு வருடம் சுட்ட பிறகும் எனக்கு இரண்டு மைல் தப்புகிறது.

இரண்டரை அங்குலத்தைக் காப்பாற்ற ஆயிரத்து ஐந்நூறு டாலரா, இருபது முப்பது அங்குலத்தைக் காப்பாற்றப் பயிற்சியா? பதில் தெரிந்ததுதான். ஆனாலும் நான் முதலில் ஆயிரத்து நானூறு டாலருக்குத் துப்பாக்கி வாங்கி, மிச்சமிருந்த நூற்றைம்பதில் பேர் தெரியாத ஒரு ஸ்கோப்பை மாட்டினேன். குறியை நகர்த்தும் குமிழைப் பத்து கிளிக் மேலே திருகிப் பத்து கிளிக் கீழே திருகினால் குண்டு பழைய இடத்துக்கு வராது. மூன்று மாதம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரேஞ்சில் ஒரு பெரியவர் தன் ஸ்கோப்பை மாட்டிக் கொடுத்தார். அன்றைக்கே தெரிந்துவிட்டது.

துப்பாக்கி: ஐந்நூறு அறுநூறு டாலர் போதும்

துப்பாக்கியைக் "கட்டுவது" என்று பலர் சொல்வதைக் கேட்டு ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பாகம்) ஒன்று, குழல் ஒன்று என்று தனித்தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். முதல் துப்பாக்கிக்கு அது செலவை ஏற்றும் வழி. தொழிற்சாலையிலிருந்து முழுதாக வருவதை வாங்கி, பிறகு குறை தெரியும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர், சாவேஜ் 110 வகைகள், ஹோவா 1500 ஆகியவை இந்த விலைப் பக்கம் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் கொடுக்க முடிந்தால் பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். அதன் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கம்பி) வழுக்கிக்கொண்டு போவதை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் மற்றவை கரகரப்பாகத் தோன்றும். பழகிப்போனால் பிறகு திரும்ப முடியாது என்பதற்காகவே சிலரைக் கடையில் அதன் பக்கம் போகாதீர்கள் என்று சொல்வதுண்டு. சாவேஜில் குழல் ஒரு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும் அமைப்பு. தேய்ந்த பின் குழலை மாற்ற ஆகும் செலவு குறையும். அதையும் முதல் முறை ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

மலிவுத் துப்பாக்கியின் பலவீனம் குழலில் இல்லை, கட்டையில்தான் (குழலைத் தாங்கும், தோளில் வைக்கும் பகுதி). பிளாஸ்டிக் கட்டை வளையும். பைபாடின் (முன்பக்கம் தாங்கும் இரண்டு கால்) மேல் சாய்ந்தால் கட்டையின் முனை குழலைத் தொடும், தொட்டால் குண்டு இடம் மாறும். காலியான துப்பாக்கியில் ஒரு டாலர் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து அடிவரை இழுத்துப் பாருங்கள். பைபாடில் நிறுத்தி அழுத்திக்கொண்டும் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் கட்டையின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். ஓராண்டு கழித்து வேண்டுமானால் அலுமினியச் சட்டகம் வாங்கலாம். இப்போது வேண்டாம்.

ஸ்கோப்: கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம்

துப்பாக்கிக்குக் கொடுத்த அளவு, அல்லது அதற்குக் கொஞ்சமே குறைவாக ஸ்கோப்புக்கும் ஒதுக்குங்கள். படம் பளிச்சென்று தெரிவதைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: குமிழைத் திருகிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பினால் அதே இடத்துக்கு வருகிறதா? எஸ்.டபிள்யூ.எஃப்.ஏ.வின் பத்து மடங்கு ஸ்கோப் பார்க்கப் பழங்காலத்துப் பொருள் மாதிரி இருக்கும். உருப்பெருக்கத்தை மாற்ற முடியாது. ஆனால் சொன்னபடி கேட்கும் என்பதால் சிக்கனக்காரர்கள் அதை விடவே மாட்டார்கள். மாற்றக்கூடியது வேண்டுமென்றால் ஆர்க்கன் ஈ.பி.-5, அத்லான் ஆர்கோஸ் பி.டி.ஆர். போன்றவை ஐந்நூறு டாலருக்குள் வரும். வோர்டெக்ஸ் ஸ்கோப்புகளுக்கு யார் கையில் இருந்தாலும் செல்லும் வாழ்நாள் உத்தரவாதம் உண்டு, அதனால் பழையதாக வாங்கவும் பயமில்லை.

குமிழும் உள்ளே தெரியும் அளவுக்கோடும் ஒரே அலகில் இருக்க வேண்டும். நான் மில் அலகைச் சொல்வேன். ஆயிரத்தில் ஒன்று ஒரு மில், அவ்வளவுதான். 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர். மெட்ரிக்கில் படித்து வளர்ந்த நமக்கு இது சுலபம். கோடு ஒன்றில், குமிழ் வேறொன்றில் இருக்கும் ஸ்கோப்புகள் மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் பெருக்கல் கணக்குப் போட ஆசை இருந்தால் வாங்குங்கள். பக்கவாட்டில் பாரலாக்ஸ் குமிழும் (தலை அசைந்தாலும் கோடு இலக்கை விட்டு நகராதபடி சரிசெய்வது) இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. 100 கெஜத்தில் சரிசெய்த 6.5 கிரீட்மூரின் குண்டு ஆயிரம் கெஜத்தில் ஏறத்தாழ 25 அடி கீழே விழும். குமிழில் எட்டு, எட்டரை மில் ஏற்ற வேண்டும். வேட்டைக்கான ஒரு அங்குலக் குழாய் ஸ்கோப்புகள் பலவற்றில் மொத்த நகர்வே ஐம்பது எம்.ஓ.ஏ. போலத்தான். நடுவிலிருந்து மேலே பாதி, அதாவது ஏழு மில் சொச்சம். போதாது. அதனால்தான் முன்பக்கம் சற்றே சரிந்த, "20 எம்.ஓ.ஏ." என்று விற்கும் ரெயிலை (ஸ்கோப் உட்காரும் அடிப்பட்டை) பூட்டுகிறார்கள். நாற்பது, ஐம்பது டாலர். மறக்காமல் அதையே கேட்டு வாங்குங்கள்.

பூட்டும் நாள்

தோட்டா எதுவும் அறையில் இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து காட்டும் சின்ன டார்க் (torque) ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்குங்கள், ஐம்பது அறுபது டாலர். "கை இறுக்கம் தெரியும்" என்று சொல்கிற ஆட்களின் ஸ்கோப்புகள்தான் போட்டியின் பாதியில் தளர்ந்து ஆடும். ரெயில் திருகாணிகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு நீல நிற மரைப் பசை ஒரு துளி. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் மேல் மூடிக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல பவுண்டு. உங்கள் வளையத்தோடு வரும் தாள் வேறு சொன்னால் அதையே கேளுங்கள். நான்கு திருகாணிகளையும் குறுக்கே மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிகிற இடத்தில் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துங்கள். படுத்த நிலையில் இதைச் செய்ய வேண்டும். நின்றுகொண்டு செய்தால் ரேஞ்சில் மறுபடி கழற்றுவீர்கள்.

அளவுக்கோடு செங்குத்தாக நிற்க, முற்றத்தில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போல. துப்பாக்கி மட்டமாக இருக்க, கோடு கயிற்றோடு ஒட்ட வேண்டும். இதில் சாய்வு இருந்தால் தூரம் ஏற ஏற குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும், நீங்கள் காற்றைத் திட்டுவீர்கள்.

பைபாடுக்கு ஹாரிஸ் அல்லது மேக்புல், நூறு டாலர் சொச்சம். பின்பக்கம் தாங்கும் மூட்டைக்கு நாற்பது டாலர் கேட்பார்கள். பழைய காலுறை ஒன்றில் அரிசியைப் போட்டு முடிந்துகொள்ளுங்கள். என்னுடையதில் இருப்பது பொன்னி. மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை; கார் டிக்கியில் மறந்துவிடாதீர்கள். மூட்டையைக் கைக்குள் பிடித்து அமுக்கினால் கட்டையின் பின்பக்கம் உயர்ந்து குழலின் முனை இறங்கும், தளர்த்தினால் மேலே பார்க்கும். நெடுந்தூரச் சுடுதலில் கைக்கு இருக்கும் வேலையில் பாதி இதுதான்.

காதுக்குச் செருகியும் மேலே மூடியும், இரண்டும் வேண்டும். பக்கத்தில் யாராவது மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது, ஓசையைக் கூட்டும்) வைத்திருந்தால் நன்றி சொல்வீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் பெட்டி இல்லாமல் துப்பாக்கி உள்ளே வரக் கூடாது. 1,700 டாலர் கணக்கில் இது சேராது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை வாங்கக் கூடாது.

முதல் நாள் ரேஞ்சில்

25 கெஜத்தில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றி, குழலின் வழியாகவே இலக்கின் நடுவைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் குமிழ்களைத் திருகி ஸ்கோப்பின் கோட்டையும் அதே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஒரு சூடு. தாளில் எங்காவது படும். பிறகு 100 கெஜம்.

அங்கே மூன்று சூடு சுட்டு, குண்டுகளின் நடுவை அளவுக்கோட்டாலேயே அளங்கள். 1.4 மில் கீழே, 0.6 மில் இடது பக்கம் என்று தெரிந்தால், 1.4 மேலே, 0.6 வலது. அங்குலக் கணக்கு எதற்கு? சரியாக வந்ததும் குமிழின் மூடியைத் தளர்த்தி எண்ணைச் சுழியத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

பின் பத்து சூடு, ஒரே தாளில். மூன்று சூட்டுக் கூட்டம் பொய் சொல்லும். கைபேசியில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு மட்டுமே அது நல்லது. பத்தும் ஒன்றரை எம்.ஓ.ஏ.க்குள் இருந்தால் துப்பாக்கி நல்லது, தொடாதீர்கள். இல்லாவிட்டால் திருகாணிகளைப் பாருங்கள், அடுத்து வேறு கம்பெனித் தோட்டாவை முயலுங்கள். ஹார்னடி ஈ.எல்.டி. மேட்ச், ஃபெடரல் கோல்ட் மெடல் இரண்டில் ஒன்று பெரும்பாலும் ஒத்துவரும். பிடித்ததில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் இருநூறு தோட்டா வாங்கி வைத்துவிடுங்கள். லாட் மாறினால் வேகம் மாறும்.

தோட்டாவை வீட்டிலேயே தயாரித்தால் மிச்சமாகுமா என்று கேட்பார்கள். மிச்சமாகாது, அதே காசுக்கு இரண்டு மடங்கு சுடுவீர்கள். எப்படியும் முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்த வாரம் 300, அப்புறம் 500, 600. ஹார்னடியின் இலவசச் செயலியில் தோட்டாவின் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைக் கொடுத்தால் எத்தனை மில் ஏற்றுவது என்று சொல்லும். பெட்டியில் உள்ள வேகம் உங்கள் குழலில் வராது. 600-இல் குண்டு தொடர்ந்து கீழே படுகிறதா? செயலியில் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், கணக்கும் தகடும் ஒத்துப்போகும்வரை. ரேஞ்சில் யாரிடமாவது வேகமானி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். இந்தக் கூட்டத்தில் கேட்டு இல்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை, அவர்கள் பேச்சை நிறுத்த வைப்பதுதான் கஷ்டம்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தூரம், ஏற்றிய மில், காற்று எவ்வளவு என்று நினைத்தீர்கள், உண்மையில் எவ்வளவு வந்தது. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதா மாதம் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

.22 வழி

மேட்ச் தோட்டா இருபது கொண்ட பெட்டி முப்பது நாற்பது டாலர். ஒரு காலைப் பொழுதில் நூறு டாலர் புகையாகிவிடும். அதனால் பலர் மாதம் ஒருமுறைதான் சுடுகிறார்கள். .22 எல்.ஆர். தோட்டா ஐம்பது கொண்ட பெட்டியே ஐந்தாறு டாலரில் கிடைக்கும், சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போல. நாற்பது கிரெய்ன் குண்டு, ஒலியைவிட மெதுவாகப் போகும். 50 கெஜத்தில் சரிசெய்தால் 100-இல் ஆறு அங்குலத்துக்கு மேல் விழும், பத்து மைல் காற்று அதே தூரத்தில் நாலு அங்குலம் தள்ளும். ஆகவே 200 கெஜ ரேஞ்சிலேயே நெடுந்தூரத்தின் எல்லாத் தலைவலியும் கிடைத்துவிடும். சாவேஜ் மார்க் 2 முந்நூறு டாலர் பக்கம், செக் நாட்டின் சி.இசட். 457 அதைவிடக் கூட. என்.ஆர்.எல்.22 என்ற பெயரில் 2017-இலிருந்து பல ஊர்க் கிளப்புகளில் மாதாந்தரப் போட்டிகள் நடக்கின்றன. விலை வரம்புள்ள பிரிவும் அதில் உண்டு. நானே இன்று மறுபடி தொடங்கினால் முதல் வருடம் இதை மட்டும்தான் வைத்திருப்பேன், அதே ஐந்நூறு டாலர் ஸ்கோப்பை இதில் மாட்டி.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகுவதற்குக் காசே இல்லை. தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்க வேண்டும். .22-இல் வெறும் அறையோடு அழுத்தினால் அடிக்கும் ஊசி குழலின் விளிம்பில் பட்டுக் கெடலாம்; சுவரில் திருகாணிக்குப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் செருகி, ஆறாம் எண், அறைக்குள் அப்படியே உட்காரும். வன்பொருள் கடையில் ஒரு பை இரண்டு மூன்று டாலர்.

கடைசியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தேனியில் இருக்கும் என் சித்தப்பா தன் ஏர் கன்னுக்கு "நீ வச்சிருக்கியே அது மாதிரி ஒரு ஸ்கோப்" கேட்டார். சும்மா கண்ணாடிதானே என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பொருள். உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப் போனால் வழக்கு வரலாம். சித்தப்பாவுக்கு நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கிப் போனேன். இன்னும் சரியாகப் பேசவில்லை.